வோட்டர் லிஸ்ட்ல குழந்தை ஏது?

கேள்வி: எங்க வார்டு வோட்டர் லிஸ்ட்ல 9,600 பேர் இருக்கோம். 800 பேருக்கு ஒரு அங்கன்வாடின்னா 12 வேணும், இருக்கிறது 7 தான், அதுலயும் ரெண்டு பாதி நாள் பூட்டிக் கிடக்கு. பாக்கி 5 கேட்டு மனு கொடுக்கப் போறோம், கணக்கு சரிதானே?
- பேர் போட வேண்டாம்னு கேட்ட வாசகர்

பதில்: வகுத்தல்ல தப்பே இல்ல சார். ஆனா வோட்டர் லிஸ்ட்ல 18 ஆகாத ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்களே, பால்வாடிக்குப் போறது ஆறு வயசுக்குள்ள இருக்கிறதுங்க, அதுல ஒரு பிள்ளைகூட இல்லாத பட்டியலை வெச்சு எத்தனை பால்வாடி வேணும்னு கணக்குப் போட்டிருக்கீங்க. சரி சென்சஸைப் பாக்கலாம்னா அது 2011-ல எடுத்தது, அன்னிக்கு இடுப்புல இருந்தவன் இப்ப ஹைஸ்கூல் போறான்.

அந்த 800-ம் நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. 400-லேந்து 800 பேர் வரைக்கும் ஒண்ணுன்னுதான் விதி, 150-லேந்து 400 வரைக்கும்னா மினி சென்டர், மலைப்பகுதி, பழங்குடிப் பகுதின்னா 300 பேர் இருந்தாலே முழு சென்டர். தமிழ்நாட்டுல 2011 கணக்குப்படி நூத்துக்குப் பத்துப் பேர் ஆறு வயசு வரைக்கும் உள்ளவங்க, அப்போ 800 பேர்னா சுமாரா 80 பிள்ளைங்க, பாத்துக்க ஒரு டீச்சர், ஒரு ஆயா (நீங்க ஒரு மணி நேரம் போய் உக்காந்து பாருங்க). இந்தப் பத்தும் தெருவுக்குத் தெரு மாறும். ரிட்டயர் ஆனவங்க தெருவுல ஒரு பிள்ளை சத்தம் கேக்காது, கட்டட வேலைக்கு வந்து தகர ஷெட்டுல தங்கியிருக்கிறவங்ககிட்ட ஷெட்டுக்கு ரெண்டு இருக்கும், ஆனா அவங்க வோட்டு சொந்த ஊர்லதான் இருக்கும்ங்கிறதால அவங்க யாருமே உங்க 9,600-ல கிடையாது.

அதனால வீடு வீடாப் போங்க. பிள்ளை பேரு, பிறந்த தேதி, கிட்டக்க இருக்கிற சென்டருக்கு எவ்ளோ தூரம், நடுவுல மெயின் ரோடு இருக்கா, இவ்ளோ எழுதினாப் போதும். கிராமமோ குடிசைப் பகுதியோ, ஒரு குடியிருப்புல ஆறு வயசுக்குள்ள 40 பிள்ளைங்க இருந்து அங்கன்வாடி இல்லேன்னா கேட்ட மூணு மாசத்துக்குள்ள கொடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டே 2006 டிசம்பர்ல சொல்லியிருக்கு. 12-லேந்து 7 போக 5-னு எழுதிக் கொடுத்தா ஃபைல்ல கட்டி வெச்சிடுவாங்க, 40 பேரோட ஒரு லிஸ்ட் போனா அவ்ளோ சுலபமா ஓரங்கட்ட முடியாது.

ஆமா, பாதி நாள் பூட்டிக் கிடக்குன்னு எழுதினீங்களே ரெண்டு, அதை எப்படி சார் இருக்கிற ஏழுல சேத்தீங்க?