கடலையும் பாறையையும் படித்தால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மா,

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகும் உங்கள் மகள் நிலவியலும் கடலியலும்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். அதைப் படித்தால் யார் சம்பளம் தருவார்கள் என்று நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வேலை இருக்கிறது, அம்மா. ஆனால் கணிதத்தையும் இயற்பியலையும் கைவிட்டவர்களுக்கு அது எட்டாது. அவளோடு நீங்கள் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

2022 ஜனவரி 15 அன்று பசிபிக் பெருங்கடலில் உள்ள தொங்கா தீவுகளுக்கு அருகே ஒரு கடலடி எரிமலை வெடித்தது. அந்த நாட்டை உலகோடு இணைத்த கேபிள் கடலுக்கடியில் அறுந்து, வாரக்கணக்கில் இணையம் முடங்கியது. இப்படிப்பட்ட இடங்களில் கேபிளை எந்தச் சரிவைத் தவிர்த்து எந்த வழியாகக் கொண்டுபோவது என்று சொல்ல, கடற்தளத்தைப் படித்தவர் வேண்டும். துறைமுகம், கடல் காற்றாலை, நிலத்தடி நீர், சுனாமி எச்சரிக்கை, காப்பீடு என்று இவர்களுக்குச் சம்பளம் தரும் இடங்கள் பல.

இயற்கை மட்டும் பூமியை மாற்றிக்கொண்டிருந்தால் இத்தனை பேர் தேவைப்பட்டிருக்க மாட்டார்கள். எகிப்தில் நைல் ஆறு கடலில் சேரும் கழிமுகத்தையே பாருங்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டியது, அலை அதை அரித்தது. 1970இல் அந்த ஆற்றின் குறுக்கே அஸ்வான் உயர் அணை கட்டி முடிக்கப்பட்டதும், வண்டல் அணைக்குப் பின்னால் தேங்கிய நாசர் ஏரியிலேயே தங்கிவிட்டது. அலை ஓயவில்லை. ஏற்கெனவே தொடங்கியிருந்த அரிப்பு வேகமெடுத்து, கழிமுகத்தின் ரொசெட்டா முனையில் கரை கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்கியது. கடற்சுவர் கட்டினார்கள், சுவர் முடியும் இடத்தை அடுத்த கரை அரிபடத் தொடங்கியது. ஆறு, அணை, அலை, உயரும் கடல்மட்டம் எல்லாவற்றையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவரத் தெரிந்தவர்தான் இப்படிப்பட்ட கரைக்கு வழி சொல்ல முடியும். அப்படிப்பட்டவர்கள் இன்னும் போதுமான அளவில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

கடலியல் என்றால் எப்போதும் கப்பலில்தான் வாழ்க்கை என்று அஞ்ச வேண்டாம். ஆர்கோ என்ற பெயரில் ஏறக்குறைய 4000 தானியங்கி மிதவைகள் உலகக் கடல்களில் அலைந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் 1000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் வரை இறங்கி, ஏறிவரும் வழியெல்லாம் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். நாளாக நாளாக உணர்கருவி தடம் மாறி, உப்பின் அளவைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ சொல்லும். அந்தப் பிழையைப் பிடித்துத் திருத்துவதே ஒரு முழுநேர வேலை. கணினி முன் அமர்ந்துதான் அதைச் செய்கிறார்கள். புவி வெப்பமடைவதால் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலில்தான் தங்குகிறது என்ற கணக்குக்குப் பின்னால் இந்த உழைப்பும் இருக்கிறது.

பெண் பிள்ளையாயிற்றே என்றும் தயங்குகிறீர்கள். 1950களில் மேரி தார்ப் என்ற நிலவியலாளர் அட்லாண்டிக் கடற்தளத்தின் நடுவே நீண்டோடும் பிளவுப் பள்ளத்தாக்கைக் கண்டுபிடித்தார். அப்போது பெண் என்பதால் அவரை ஆய்வுக் கப்பலில் ஏறவே விடவில்லை. இன்று பெண்கள் ஆய்வுப் பயணங்களுக்கே தலைமை தாங்குகிறார்கள்.

இனி, படிப்பு. இளநிலையில் நிலவியலோ இயற்பியலோ எடுக்கட்டும், கணிதம் துணைப்பாடமாகக் கட்டாயம் இருக்கட்டும். கடலியலை முதுநிலையில் தேர்ந்துகொள்ளலாம். தொடக்கத்திலேயே குறுகிய படிப்பில் சேர்ந்தால் பின்னர் வேறு பக்கம் திரும்புவது கடினம். பைதான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதும் பழக்கமும் செயற்கைக்கோள் படங்களைக் கையாளும் பழக்கமும் முதலாண்டிலிருந்தே வேண்டும். திமிங்கிலமும் பவளமும்தான் அவளை ஈர்க்கின்றன என்றால் அது கடல் உயிரியல். அதற்கு வழி வேறு என்பதால் இப்போதே கேட்டுவிடுங்கள்.

சிரமங்களையும் மறைக்க மாட்டேன். இளநிலைப் பட்டத்தோடு நல்ல வேலை கிடைப்பது அரிது. ஆய்வு வேலைகள் பலவும் ஒப்பந்த அடிப்படையில்தான். கச்சா எண்ணெய் விலை சரிந்தால், நிலவியல் படித்தவர்களுக்கு வேலை தரும் எண்ணெய் நிறுவனங்கள் ஆள் எடுப்பதை நிறுத்திவிடும். ஆகவே முதுநிலை முடியும் வரையிலான செலவை வீட்டில் உட்கார்ந்து இப்போதே கணக்குப் போடுங்கள். கல்லூரிக்கு அவளையும் அழைத்துப்போய், ஆண்டுக்கு எத்தனை நாள் களப்பயிற்சி, கடந்த மூன்று ஆண்டுகளில் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் வேறு கல்லூரி பாருங்கள்.