வேலைக்குப் போகும் பெற்றோர் பாக்கெட் உணவையும் வீட்டுச் சமையலையும் எப்படிச் சேர்த்து நடத்துவது?

எங்கள் வீட்டிலும் இரண்டு பேருக்கும் வேலை, இரண்டு பிள்ளைகள். பாக்கெட்டே வாங்குவதில்லை என்று ஒரு வருடம் பிடிவாதமாக இருந்தேன். பாதி நாள் அசதியில் அடுப்பு மூட்ட முடியாமல் வெளிச்சாப்பாடுதான் வந்தது. இப்போது கடையில் எதை எடுத்தாலும் ஒன்றுதான் பார்க்கிறேன்: இது என் வேலையைக் குறைக்கிறதா, சாப்பாட்டின் இடத்தையே பிடித்துக்கொள்கிறதா?

உறையவைத்த பட்டாணி, டப்பாவில் வரும் வெந்த கொண்டைக்கடலை, இனிப்பில்லாத தயிர், ஓட்ஸ் எல்லாம் வேலையைக் குறைப்பவை. இவற்றை வாங்குவதில் துளியும் குற்ற உணர்ச்சி வேண்டாம். பட்டாணியைப் பறித்த கொஞ்ச நேரத்திலேயே வெந்நீரில் போட்டெடுத்து உறையவைத்துவிடுகிறார்கள். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வாடிக் கிடக்கும் காயைவிட அது மேல். டப்பாக் கடலையைக் குழாயடியில் நன்றாக அலசினால் உப்பும் கணிசமாகப் போய்விடும்.

எனக்குப் பயம் இரண்டாவது வகையில்தான். ஒருநாள் மாலை பசியோடு வந்த மகளுக்கு ஒரு சூப் பாக்கெட்டைக் கரைத்துக் கொடுத்தேன். அவள் குடித்து முடித்த பிறகுதான் உறையைத் திருப்பிப் பார்த்தேன். சோடியம் 600 மில்லிகிராம். பரவாயில்லை என்று நினைக்கும்போதே கீழே பொடி எழுத்து கண்ணில் பட்டது: அந்தக் கணக்கு ஒரு முறை பரிமாறும் அளவுக்கு, பாக்கெட்டில் இருப்பதோ 2 முறைக்கு. அப்படியானால் 1200. சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். ஆக 3 கிராம். நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது பெரியவர்களுக்கு. என் மகளுக்கு எட்டு வயது. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

உப்பு மட்டுமல்ல, அளவும் கைமீறும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலையில் மிகவும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல் என்று கொடுத்தார்கள். பரிமாறியதில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு எல்லாம் சமம்; வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிருந்தது.

வீட்டுச் சமையலுக்கு நான் செய்வது இவ்வளவுதான். விடுமுறை நாளில் வெங்காயமும் தக்காளியும் சேர்த்து ஒரு பெரிய பாத்திரத்தில் வதக்கி, ஆறியதும் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டுத் தேதி எழுதி உறையவைக்கிறேன். பருப்பையும் அப்படியே. சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் குளிரில் வைத்துவிட வேண்டும். உறையவைக்காமல் ஃபிரிட்ஜில் மட்டும் வைப்பதை 3, 4 நாளில் தீர்த்துவிடுங்கள். நிற்கவே தெம்பில்லாத நாளில் ஒரு டப்பாவைச் சூடாக்கி, ஒரு பிடி பட்டாணி போட்டு, முட்டை உடைத்து ஊற்றி மூடிவைப்பேன். முட்டை வேகிற நேரத்துக்குள் பிள்ளைகள் கைகழுவிவிட்டுத் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.