மூன்றாம் ஆண்டிலேயே அடுத்த ஆள்: அமெரிக்கக் காற்பந்து கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ஆளைப் பற்றியவை. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் பின்னால் நின்று, பந்தைக் கையில் வாங்கி, எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறாரே, அந்த ரன்னிங் பேக். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எலின் அணிகள் அதிகம் தடுமாறும் இடமும் இதுதான்.

கே: நான் ஆதரிக்கும் அணியின் முதன்மை ரன்னிங் பேக்குக்கு மூன்று பருவங்கள் முடிந்துவிட்டன. போன பருவத்தில் 1,200 யார்டு ஓடினார். ரூக்கி ஒப்பந்தத்தில் (புதிய வீரரின் முதல் ஒப்பந்தம்) இன்னும் ஓராண்டு பாக்கி. இப்போதே நீட்டிப்பது நல்லதா, காத்திருப்பது நல்லதா? (வாசகர், ஈசூன்)

ப: அவர் டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) எந்தச் சுற்றில் தேர்வானவர் என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பொறுத்தே கணக்கு மாறும். டிராஃப்டில் தேர்வாகும் எல்லாருக்கும் நான்காண்டு ஒப்பந்தம். முதல் சுற்றில் வந்தவர் என்றால் ஐந்தாம் ஆண்டுக்கும் அவரை வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. மூன்றாம் பருவம் முடிந்து வரும் மே மாதத் தொடக்கத்துக்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். லீகும் வீரர் சங்கமும் செய்த 2020 ஒப்பந்தத்துக்குப் பிறகு, சொன்ன மாத்திரத்தில் அந்தச் சம்பளம் முழுவதும் உத்தரவாதமாகிவிடும். பேசிப் பார்க்கலாம் என்று எடுத்துவிட்டுப் பிறகு கைவிட முடியாது.

இரண்டாம் சுற்றிலோ அதற்குக் கீழோ வந்தவருக்கு அந்த உரிமை கிடையாது. நான்காம் ஆண்டு முடிந்ததும் அணியிடம் மிஞ்சுவது பெரும்பாலும் ஃபிரான்சைஸ் டேக்தான், அதாவது அவரை இன்னும் ஓராண்டு கட்டிவைக்கும் உரிமை. அந்த இடத்தில் ஆடுவோரின் உச்ச ஐந்து சம்பளங்களை அடிப்படையாக வைத்து ஓராண்டுச் சம்பளம் நிர்ணயிப்பார்கள். ரன்னிங் பேக்குக்கு 2023இல் அது 10.091 மில்லியன் அமெரிக்க வெள்ளி. மறு ஆண்டும் அதே ஆளுக்கு டேக் போட்டால் முந்தைய சம்பளத்தில் 120 விழுக்காடு. நமக்குப் பழகிய சிங்கப்பூர்க் கணக்கில் சொன்னால், பத்தாண்டு முடிந்த காரின் சிஓஇயை (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) கடைசி மூன்று மாதச் சராசரி விலை கட்டிப் புதுப்பிப்பது போல. வண்டி பழசு, விலை மட்டும் இன்றைய சந்தை விலை.

மூன்றாம் ஆண்டு முடிவெடுக்கும் ஆண்டு. பணம் கொடுக்கும் ஆண்டு அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட அணிகள்தாம் அடிபட்டன. டாட் கர்லி 2015இல் முதல் சுற்றில் ராம்ஸ் அணிக்கு வந்தவர். மூன்று பருவம் முடிந்த கையோடு, 2018 கோடையில், 45 மில்லியன் உத்தரவாதத்துடன் நான்காண்டு நீட்டிப்பு கொடுத்தார்கள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, 2020 மார்ச்சில் விடுவித்தார்கள். எசக்கியேல் எலியட்டுக்கு 2019 செப்டம்பரில் டாலஸ் கொடுத்தது ஆறாண்டு, 90 மில்லியன். 2023 மார்ச்சில் அவரும் வெளியே. இருவருக்குமே கையெழுத்திட்ட அன்று மலிவான ஆண்டுகள் இரண்டு பாக்கி இருந்தன. அவசரப்பட வேண்டிய கட்டாயம் அணிக்கு இல்லை. எலியட் பயிற்சிக்கு வராமல் இருந்து நெருக்கடி கொடுத்தார் என்பது வேறு விஷயம்.

ஆக, இப்போது செய்ய வேண்டியது அடுத்த டிராஃப்டிலேயே ஒருவரைப் பிடித்து, இவர் இருக்கும்போதே ஓராண்டு பழக்குவது. ஒப்பந்தம் முடிந்த பிறகு தேடினால் அந்த ஓராண்டு கிடைக்காது. புதியவர் தேறினால் பழையவரைப் போகவிடலாம். அவர் வேறு அணியில் நல்ல சம்பளத்துக்குச் சேர்ந்து, உங்கள் அணி அந்த ஆண்டு வாங்கியதைவிட இழந்தது அதிகமாக இருந்தால், மறு ஆண்டு டிராஃப்டில் மூன்று முதல் ஏழாம் சுற்றுக்குள் இழப்புக்கு ஈடாகக் கூடுதல் தேர்வு ஒன்றும் கிடைக்கலாம். புதியவர் தேறாவிட்டால் பழையவரிடம் பேச இன்னும் நேரம் இருக்கும்.

அந்த 1,200 யார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 240 முறை ஓடி எடுத்தாரா, 320 முறை ஓடி எடுத்தாரா? முன்னது சராசரி 5, பின்னது 3.75. அடுத்து, எதிராளி தொடும் முன் கிடைத்த யார்டு எவ்வளவு, தொட்ட பின் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். தொடும் முன் கிடைப்பது பெரும்பாலும் முன்வரிசைத் தடுப்பாளர்களின் உழைப்பு. தொட்ட பின் கிடைப்பதுதான் அவருடைய சொந்தச் சம்பாத்தியம். அதே வரிசையின் பின்னால் ஓடிய மாற்று வீரரின் சராசரியும் ஏறக்குறைய அதே அளவு என்றால், நீங்கள் விலை பேசிக்கொண்டிருப்பது முன்வரிசையின் உழைப்புக்கு. இதிலும் ஒரு பொறி உண்டு: மாற்று வீரர் பெரும்பாலும் எதிரணி பாஸை எதிர்பார்த்து விலகி நிற்கும் சமயத்தில் ஓடுவார், அவர் சராசரி ஊதிப்போய் இருக்கும். முதலிரண்டு டவுன்களில் (பத்து யார்டு முன்னேற அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் முதல் இரண்டு) ஓடியதை மட்டும் ஒப்பிடுங்கள்.

கே: அப்படியானால் சாக்வான் பார்க்லி, டெரிக் ஹென்றி? வயதானவர்களுக்குப் பணம் கொடுத்த அணிகள் 2024இல் கொண்டாடினவே! (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

ப: கொண்டாடின. பார்க்லி 2023இல் ஜயண்ட்ஸ் அணிக்காக 962 யார்டு. அடுத்த ஆண்டு ஈகிள்ஸ் அணிக்குப் போய் 345 ஓட்டங்களில் 2,005 யார்டு, கூடவே லீகின் இறுதிப் பட்டமான சூப்பர் பௌல். ஆள் அதேதான், ஒரு வயது கூடியிருந்தது. மாறியது முன்னால் நின்ற ஐந்து பேர். ஜோர்டன் மைலாட்டா, லேண்டன் டிக்கர்சன், லேன் ஜான்சன் போன்றோர் நின்ற வரிசைக்குப் பின்னால் அவரைக் கொண்டுபோய் வைத்தார்கள். ஹென்றி 30 வயதில் ரேவன்ஸ் அணிக்காக 1,921 யார்டு ஓடினார். அங்கே குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் தானே பந்தோடு ஓடிவிடுவாரோ என்று எதிரணி ஒரு கண்ணை அவர்மேல் வைத்தாக வேண்டும். ஹென்றிக்கு அது அரை அடி வழி.

ஒப்பந்த அளவையும் பாருங்கள். பார்க்லிக்கு மூன்றாண்டு, ஹென்றிக்கு இரண்டாண்டு, 16 மில்லியன். ஆறாண்டு யாரும் கொடுக்கவில்லை. வீடு கட்டி முடித்தவர் கடைசியில் வாங்கும் சரவிளக்கு இது. சுவரே எழும்பாத அணி வாங்கினால் தரையில்தான் வைக்க வேண்டும்.

கே: ஆளை நீக்கிய பிறகும் அவர் பெயரில் பணம் கணக்கில் நிற்கிறதே, அது எப்படி? (கணக்காளர், தெம்பனிஸ்)

ப: உங்கள் தொழிலில் இதைத் தேய்மானம் என்பீர்கள். கையெழுத்து போனஸை வீரருக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். ஆனால் ஓர் அணி ஆண்டுக்குச் செலவிடக்கூடிய சம்பள உச்சவரம்புக் கணக்கில் அதை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதலாம், அதிகபட்சம் ஐந்தாண்டு. நீக்கினால், இன்னும் எழுதாத பாக்கி முழுவதும் ஒரே ஆண்டில் வந்து விழும். அதைத்தான் டெட் மணி என்கிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். நான்காண்டு ஒப்பந்தம், போனஸ் 12 மில்லியன். ஆண்டுக்கு 3 வீதம் எழுதப்படும். மூன்றாம் ஆண்டின் அடிப்படைச் சம்பளம் 9 என்று வையுங்கள். அவர் அணியில் இருந்தால் அந்த ஆண்டுக் கணக்கு 12. இரண்டாம் ஆண்டு முடிந்ததும் நீக்கினால் மீதி 6 டெட் மணியாக விழும், மிச்சமும் 6தான். ஜூன் 1க்குப் பிறகு நீக்கியதாகக் கணக்குக் காட்டினால் இந்த ஆண்டு 3, மறு ஆண்டு 3. உடனடி மிச்சம் 9. ஆண்டுக்கு இரண்டு வீரர்களை முன்கூட்டியே நீக்கிவிட்டு இப்படிக் காட்ட அனுமதி உண்டு, ஆனால் அந்த இடம் கணக்கில் விடுபடுவது ஜூனில்தான். ஒப்பந்தம் முடிந்த வீரர்களை மார்ச்சில் வாங்கும் சந்தைக்கு அது உதவாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

அந்த 9 மில்லியனும் உத்தரவாதம் என்று எழுதியிருந்தால்? அவரை நீக்கி ஒரு காசு மிச்சமில்லை. அதனால் ரன்னிங் பேக் ஒப்பந்தம் என்றால் செய்தித்தாள் தலைப்பில் வரும் மொத்தத் தொகையைப் படிக்காதீர்கள். உத்தரவாதம் எந்த ஆண்டோடு நிற்கிறது என்று பாருங்கள். இரண்டாம் ஆண்டோடு நின்றால் அணி சுதாரித்திருக்கிறது. மூன்றாம் ஆண்டுக்கும் நீண்டால், அந்த ஆண்டு நன்றாக அமைய வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கே: முதல் சுற்றில் ரன்னிங் பேக் எடுப்பது முட்டாள்தனமா? (மாணவர், புக்கிட் பாத்தோக்)

ப: அப்படி ஒரே வரியில் சொல்வது எளிது. 2013, 2014, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் முதல் சுற்றில் ஒருவர்கூட எடுக்கப்படவில்லை. 2023இலோ பிஜான் ராபின்சன் 8வது, ஜமீர் கிப்ஸ் 12வது. 2025இல் ஆஷ்டன் ஜென்டி 6வது.

பிரச்சினை திறமை அல்ல, விலை. ரூக்கிச் சம்பளம் தேர்வு எண்ணுக்கு ஏற்ப நிர்ணயிக்கப்படுகிறது, ஆடும் இடத்துக்கு ஏற்ப அல்ல. 6வது எண்ணில் குவார்ட்டர்பேக்கோ இடப்பக்கத் தடுப்பாளரோ வந்தால், சந்தை விலையில் சிறு பங்குக்கு நான்காண்டு ஆடுவார். அதே எண்ணில் வரும் ரன்னிங் பேக்குக்கு முதல் நாளே அந்த இடத்தின் மேல்தட்டுச் சம்பளத்தை ஒட்டிய தொகை போகும். தள்ளுபடி மிகக் குறைவு. மறுபக்கம், கைரன் வில்லியம்ஸ் ஐந்தாம் சுற்று, பக்கி இர்விங் நான்காம் சுற்று, ஐசாயா பச்சேகோ ஏழாம் சுற்றில் 251வது ஆள். ரஹீம் மோஸ்டர்ட்டை யாருமே தேர்வு செய்யவில்லை. 2023இல் 18 முறை ஓடியே டச்டவுன் போட்டார்.

டெட்ராய்ட் கிப்ஸை எடுத்தபோது பலர் சிரித்தார்கள். ஆனால் அங்கே முன்வரிசை ஏற்கெனவே தயார், டேவிட் மான்ட்கோமரியை அதே ஆண்டு மூன்றாண்டு, 18 மில்லியனுக்கு வாங்கியிருந்தார்கள். இடுக்கில் மோதி ஓட ஒருவர், வெளியே விரிந்து ஓட ஒருவர். அந்தப் பருவத்தில் அணி, சூப்பர் பௌலுக்கு முந்தைய மாநாட்டு இறுதியாட்டம் வரை போனது. வேலையைப் பிரித்ததில் இருவருக்கும் தேய்மானமும் குறைந்தது.

கே: கல்லூரியில் கொடிகட்டிப் பறந்தவர் என்எஃப்எலுக்கு வந்ததும் பெஞ்சில் உட்கார்கிறார். பயிற்றுநருக்குப் பொறாமையா? (வாசகி, செங்காங்)

ப: பொறாமை இல்லை, பிளிட்ஸ் (எதிரணி கூடுதல் ஆட்களைக் குவார்ட்டர்பேக்மேல் பாயவிடுவது). பாஸ் ஆட்டத்தில் ரன்னிங் பேக்கின் வேலை குவார்ட்டர்பேக்கைக் காப்பது. பந்து குவார்ட்டர்பேக் கைக்கு வரும் முன்பே யார் பாய்ந்து வருவார் என்று ஊகிக்க வேண்டும். வந்ததும் பார்வை உள்ளிருந்து வெளியே போக வேண்டும், ஏனென்றால் நடுவில் வருபவருக்குத் தூரம் குறைவு, அவர்தான் முதலில் போய்ச் சேருவார். அப்புறம் காலை ஊன்றி, முழங்காலை மடித்து, கையை எதிராளியின் மார்புக்கு அடியில் கொடுத்து நிறுத்த வேண்டும். புதியவர் செய்யும் தவறுகள் மூன்றே வகை: வெளியே வருபவரை முதலில் பார்ப்பது, தலையைக் குனிந்துகொண்டு மோதி ஆளைத் தவறவிடுவது, யாரும் வரவில்லை என்று நினைத்துச் சீக்கிரமே பாஸ் வாங்க ஓடிவிடுவது. பெரிய சம்பளக் குவார்ட்டர்பேக் ஒருமுறை முதுகில் அடி வாங்கினால் போதும், அந்தப் பையன் அன்றைக்கு மூன்றாம் டவுனில் இறங்க மாட்டான். கல்லூரியில் இந்த வேலையைக் குறைவாகவே கொடுத்திருப்பார்கள். ஓராண்டுப் பழக்கம் வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

பந்தை நழுவவிடுவது இன்னொரு காரணம். அதைத் திருத்திவிடலாம். பிளிட்ஸ் படிக்கத் தெரியாதவரைத் திருத்தத்தான் நேரம் பிடிக்கும்.

கே: ஓர் அணிக்கு எத்தனை ரன்னிங் பேக் தேவை? (வாசகர், பொங்கோல்)

ப: 53 பேர் பட்டியலில் மூன்று, சில அணிகளில் நான்கு. ஆட்ட நாளில் இறங்கத் தகுதி பெறுவோர் அதிகபட்சம் 48 பேர் என்பதால், மூன்றாமவர் பந்தை உதைக்கும் கட்டங்களில் உழைக்காவிட்டால் உட்கார வேண்டியதுதான். 2024இல் கிக்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) விதி மாறியபின் பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடும் வாய்ப்பு கூடியிருக்கிறது. அந்த வேலை தெரிந்தவரையே மூன்றாமவராக வையுங்கள். நான்காமவரைப் பயிற்சிக் குழுவின் 16 பேரில் ஒளித்துவைக்கலாம் என்று நினைப்பார்கள். வேறோர் அணி தன் 53இல் இடம் கொடுத்தால் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

மிக முக்கியம்: மூவரின் ஒப்பந்தமும் ஒரே மார்ச்சில் முடியக் கூடாது. ஒருவருக்கு இந்த ஆண்டு, இன்னொருவருக்கு அடுத்த ஆண்டு, மூன்றாமவருக்கு அதற்கும் அடுத்த ஆண்டு என்று படிக்கட்டாக அமையுங்கள். ஒவ்வோர் இரண்டாவது டிராஃப்டிலும் மூன்று முதல் ஐந்தாம் சுற்றுக்குள் ஒருவரை எடுத்துக்கொண்டே வந்தால் இதை அமைப்பது எளிதாகிவிடும்.

கே: கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதற்குக் காற்பந்து என்று பெயரா? (வாசகி, தோ பாயோ)

ப: உதைக்கவும் செய்கிறார்கள். வாரத்துக்குச் சில முறை.

கே: வீரர்கள் அணி மாறும் செய்தியை நம் நேரப்படி எப்போது பார்ப்பது? (இரவுப் பணியாளர், உட்லண்ட்ஸ்)

ப: மார்ச் நடுவில் புதிய லீக் ஆண்டு அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி மாலை 4 மணிக்குத் தொடங்கும். நமக்கு மறுநாள் அதிகாலை 4. ஆட்டங்கள் என்றால், ஞாயிறு பிற்பகல் 1 மணி ஆட்டம் நமக்குத் திங்கள் அதிகாலை 1 மணி. நவம்பர் தொடக்கத்தில் அங்கே கடிகாரத்தைத் திருப்பிய பிறகு 2 மணி. உங்கள் பணி நேரத்துக்கு ஏற்றது ஞாயிறு இரவு ஆட்டம்தான். திங்கள் காலை 8.20, நவம்பருக்குப் பின் 9.20. வேலை முடிந்து காப்பிக்கடையில் ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு முதல் கால்பகுதியிலிருந்தே பார்க்கலாம்.