புகையும் வாய்க்காலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தோனேசியாவில் காடு எரிவதைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். அது அவர்கள் மண், அவர்கள் பிழைப்பு. சிங்கப்பூரில் இருக்கும் நாம் சன்னலைச் சாத்துவதைத் தவிர என்ன செய்ய? என் மகளுக்கு இழுப்பு உண்டு. புகைமூட்டத்துக்கு எந்த முகக்கவசம் நல்லது?

ஒரு வாசகர், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

என்95 வாங்குங்கள். பிள்ளையின் முகத்தில் ஓரம் ஒட்டிப் பொருந்தாவிட்டால் அதுவும் வீண். இழுப்பு இருப்பதால் மருத்துவரைக் கேட்டுவிட்டு மாட்டுங்கள். பாவம், சின்னப் பிள்ளை.

ஆனால் ‘அவர்கள் மண்’ என்றீர்களே, அதை விடமாட்டேன். 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் காற்றுமாசுக் குறியீடு 401. அன்று உங்கள் ஊர் சுவாசித்ததே சுமத்ராவின் மண்ணைத்தான். தமிழ்நாட்டு ரேஷனில் 25 ரூபாய்க்குத் தரும் பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருவது. அத்தனையும் சதுப்புக் காட்டை அழித்து விளைந்ததல்ல. ஆனாலும் நமக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல வாயில்லை.

காட்டோடு சேர்ந்து மண்ணும் எரிகிறது. சதுப்பில் விழுந்த மரமும் இலையும் முழுதாக மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த பீட் மண் அது. ஈரம் இருக்கும்வரை பற்றாது. 1990களின் நடுவில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவின் அரசு, போர்னியோ தீவிலுள்ள மத்திய காலிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கப் போவதாகச் சொல்லி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தது. நெல் விளையவில்லை. 1997இல், பசிபிக் கடல் சூடேறுவதால் வரும் எல் நினோ வறட்சியில், தீப்பிடித்தது.

நன்றாகக் காய்ந்த பீட் கட்டி மேல் தண்ணீர் ஊற்றினால் சேம்பிலையில் போல உருண்டோடும். ஹெலிகாப்டரில் கொட்டினாலும் மேலேயே வழிந்துவிடும். அடியில் கங்கு கனன்று, நகர்ந்து, வேறிடத்தில் தலைகாட்டும்.

ஆகவே மண் காயாதபடி வாய்க்காலை அடைத்து நீரைத் தேக்க வேண்டும். இரண்டு வரிசை மரக்கம்பங்களை அடிக்களிமண் வரை அறைந்து, நடுவே மண்மூட்டைகளைத் திணிப்பார்கள். ஒரே பெரிய தடுப்பு நிற்காது. நீர் பக்கவாட்டு இளமண்ணை அரித்துச் சுற்றிப் போய்விடும். படிப்படியாகப் பல சிறு தடுப்புகள் வேண்டும். நடுவில் படகு போக இடம் விடாவிட்டால் அந்த ஊர்க்காரர்களே உடைப்பார்கள். அவர்களைத் திட்டாதீர்கள், அவர்களுக்கு அதுதான் பாதை. பீட் நிலத்தில் நிலத்தடி நீர், தரைமட்டத்திலிருந்து 40 செ.மீ.க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது இந்தோனேசிய அரசின் விதி.

நீங்கள் சன்னலைச் சாத்தும் ஆகஸ்டில் அடைத்துப் பயனில்லை. தேக்க நீர் இருக்காது. மார்ச்சுக்குள், மழை பெய்துகொண்டிருக்கும்போதே, அடைத்தாக வேண்டும்.