நகத்தவளைத் தொட்டியில் எதைப் பரப்புவது?

கேள்வி: பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் இரண்டு வெள்ளை நீர்த்தவளைகளை வாங்கி வந்தோம். இப்போது கட்டைவிரல் நீளந்தான் இருக்கின்றன. இதற்கு மேல் வளராது என்று கடையில் சொன்னார்கள். தொட்டியின் அடியில் கடலைப்பருப்பு அளவான வண்ணக் கற்களைப் பரப்பியிருக்கிறோம். நேற்று ஒரு தவளை மண்புழுவோடு ஒரு நீலக் கல்லையும் விழுங்கி, சற்று நேரத்தில் துப்பிவிட்டது. கற்களை எடுத்துவிட வேண்டுமா? (வாசகர், ஹட்டன்)

பதில்: இன்றே எடுத்துவிடுங்கள். அது கல்லைத் துப்பியது உங்கள் நல்ல காலம்.

நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும் தவளை நாக்கை நீட்டிப் பூச்சியைப் பிடிக்கும். இந்த நீர்த்தவளைக்கோ நாக்கே கிடையாது. இரையின் வாசனை பட்டதும் வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி, எஞ்சியதை இரண்டு முன்கைகளாலும் வாய்க்குள் திணித்துக்கொள்ளும். அந்த அவசரத்தில் புழு எது, கல் எது என்று அது பார்ப்பதில்லை. விழுங்கிய கல் குடலில் அடைத்துக்கொண்டால் தவளை இரை எடுக்காது, வயிறு வீங்கும், சில வேளை ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கும். அப்படி எதையாவது கண்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், பேராதனை மிருக வைத்திய பீடத்தின் போதனா மருத்துவமனை போன்ற இடத்திற்குக் கொண்டு செல்லுங்கள்.

‘இதற்கு மேல் வளராது’ என்ற பேச்சை நான் நம்பவில்லை. முன்கால்களை உற்றுப் பாருங்கள்: விரல்களுக்கிடையே சவ்வு இருந்தால் அது குள்ளத் தவளை, நான்கு சென்ரிமீற்றரளவில் நின்றுவிடும், உங்கள் ஊர்க் குளிருக்கு ஹீட்டரும் தேவைப்படும். விரல்கள் தனித்தனியாகப் பிரிந்திருந்து, கண்கள் தலையின் மேற்புறத்தில் இருந்தால் அது ஆபிரிக்க நகத்தவளை. அதில் பெண் தவளை பத்து சென்ரிமீற்றரையும் தாண்டும். இன்று வாய்க்குள் அடங்காத கல் ஆறு மாதத்தில் அடங்கும் என்பதால், கல் போடுவதானால் வளர்ந்த தவளையின் தலையைவிடப் பெரிதாக, கூர்முனையின்றி வழுவழுப்பாக இருக்க வேண்டும். பெரிய கற்களின் இடுக்கில் இரை விழுந்து அழுகும் தொல்லை அப்போதும் இருக்கும்.

என்னைக் கேட்டால், முதல் சில மாதங்களுக்கு அடியை வெறுமையாகவே விட்டு, கண்ணாடிக்கு வெளியே அடிப்புறம் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். வெறுங்கண்ணாடியின் பளபளப்பு தவளையை மிரளச் செய்யும். எச்சமும் மிச்ச இரையும் உடனே கண்ணில் படும், சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துவிடலாம். ஒளிந்துகொள்ள உடைந்த மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் போதும், விளிம்பை மட்டும் தேய்த்து மழுக்கிவிடுங்கள். வெறுமை கண்ணுக்குப் பிடிக்காவிட்டால் மீன்தொட்டிக்கென்று விற்கும் மென்மணலை இரண்டு சென்ரிமீற்றருக்கு மேற்படாமல் பரப்பலாம். தப்பித்தவறி உள்ளே போகும் நுண்மணல் பெரும்பாலும் எச்சத்தோடு வெளியேறிவிடும். மணலைச் சவர்க்காரமின்றி, அரிசி களைவதுபோல, மேல்நீர் தெளியும்வரை களையுங்கள். பரப்பிய பிறகு வாரம் ஒருமுறை விரலால் கிளறிவிடாவிட்டால் அடியில் கெட்ட வாயு தங்கும். இரையை மணலில் வீசாமல் ஒரு தட்டையான பீங்கான் தட்டில் வையுங்கள்; இரண்டொரு வாரத்தில் தவளை தட்டருகே வந்து காத்திருக்கும்.

கேள்வி: எங்கள் தோட்டத்து ஓடையில் நல்ல வெள்ளை மணல் கிடக்கிறது. அதைக் கொதிக்கவைத்துப் போட்டால் போதாதா? (வாசகி, பண்டாரவளை)

பதில்: போதாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். தேயிலைக்கு அடித்த மருந்து மழையோடு ஓடையில் இறங்கி மணலில் படிந்திருந்தால் அது கொதியில் போய்விடும் என்று நம்ப முடியாது. தவளையோ தோலாலும் நீரை உறிஞ்சுகிற பிராணி.

தொட்டியில் இருந்ததும் ஓடைக்குப் போகக் கூடாது. 1930களிலிருந்து கர்ப்பப் பரிசோதனைக்கென்று உலகெங்கும் கொண்டு செல்லப்பட்ட நகத்தவளை, தவளைகளைக் கொல்லும் கைற்றிரிட் பூஞ்சணத்தைத் தான் நோயுறாமலே சுமக்கக்கூடியது. நம் மலைக்காடுகளிலோ வேறெங்கும் இல்லாத மரத்தவளைகள் வாழ்கின்றன. ஆகவே தொட்டி நீரில் குளோரின் ப்ளீச் கலந்து சில மணி நேரம் வைத்துக் கழிவறையில் ஊற்றுங்கள். பழைய மணலைத் தகரத்தில் பரப்பி, வெயிலில் முற்றாகக் காயவிட்ட பின்னரே அப்புறப்படுத்துங்கள்.