விழுந்தானா, வாயை மூடினானா? ‘சே காயோ’ என்று எழுதும்போது

ஸ்பானிய மொழி கற்றுவரும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “‘பையன் மரத்திலிருந்து விழுந்துவிட்டான்’ என்று எழுத ‘சே காயோ’ என்ற இடத்தில் இரட்டை எல் போட்டேன். ஆசிரியர் தவறு என்று சுழித்துவிட்டார். ஒலிப்பதிவில் எத்தனை முறை கேட்டாலும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. அகராதியில் ‘காஎர்’, ‘காஎர்சே’ என இரண்டு வடிவங்கள் வேறு இருக்கின்றன. எதை எங்கே எழுதுவது?”

எழுத வேண்டியது ஒய்; இரட்டை எல் போட்டால் ‘பேசாமலானான்’ என்று பொருள் மாறிவிடும். ஆனால் உங்கள் காதில் குறையில்லை. ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் பெரும்பாலோர் இரட்டை எல்லையும் ஒய்யையும் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறார்கள். பராகுவே, பொலிவியாவின் பல பகுதிகள் போன்ற சில இடங்களில்தான் இரண்டுக்கும் தெளிவான வேறுபாடு நிலைத்திருக்கிறது. பேச்சில் ழகரமும் ளகரமும் கலந்துபோன ஊர்களில் வளர்ந்த நம் பிள்ளைகள் ‘பளம்’ என்று எழுதிவிடுவது போலத்தான், ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். ஆகவே ஒலியைக் கேட்டு எழுதும் வழி இங்கே பயன்படாது. வினையின் மூல வடிவத்தை நினைத்துப் பார்த்து எழுத வேண்டும்.

விழுதலைக் குறிக்கும் மூலவினை காஎர்: சி, ஏ, இ, ஆர். அதில் எல் கிடையாது. எனவே அதன் எந்த வடிவத்திலும் இரட்டை எல் வராது. பேசாமலிருத்தலைக் குறிக்கும் காயார் என்ற வினையில் மூலத்திலேயே இரட்டை எல் உண்டு. அது எல்லா வடிவங்களிலும் தொடரும். அப்படியானால் விழுதலுக்குள் ஒய் எங்கிருந்து வந்தது? அழுத்தம் பெறாத ஐ எழுத்து இரண்டு உயிர்களுக்கு நடுவே அகப்பட்டால் ஒய்யாக மாறிவிடும் என்பது ஸ்பானிய எழுத்து விதி. இறந்தகாலப் படர்க்கையில் வர வேண்டிய ‘ஐ-ஓ’ விகுதி, ‘கா’ என்ற பகுதியின் உயிரை ஒட்டி நிற்பதால் ‘காயோ’ ஆகிறது. ‘காயேரோன்’ (விழுந்தார்கள்), ‘காயேந்தோ’ (விழுந்துகொண்டு) ஆகியவற்றிலும் இதுவே நடக்கிறது. ‘காஈ’ (விழுந்தேன்), ‘காஈதோ’ (விழுந்த) என்பவற்றில் அழுத்தம் ஐ மீதே இருப்பதால் அது மாறாமல் நிற்கும். தலையில் அழுத்தம் காட்டும் சாய்கோடும் பெறும். சாய்கோட்டை விடுவதும் ஐக்குப் பதில் ஒய் போடுவதும் இங்கே வழக்கமான பிழைகள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் தடுமாறிய இறந்தகால ஒருமையில்தான் இந்த இரு வினைகளும் ஒலியில் முழுமையாக ஒன்றுகின்றன. மற்ற இடங்களில் உயிரெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்: விழுந்துகொண்டு ‘காயேந்தோ’, பேசாமல் இருந்துகொண்டு ‘காயாந்தோ’. எனவே இரட்டை எல்லுக்குப் பின் ‘ஏந்தோ’ வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடலாம். அப்படி ஒரு வடிவம் இரு வினைகளிலும் இல்லை. இணையத்தில் இந்தப் பிழை மலிந்து கிடக்கிறது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

கடைசி ஓவின் மேலுள்ள சாய்கோட்டை அலட்சியப்படுத்தாதீர்கள். அது இல்லாவிட்டால் ஒய் போட்ட சொல் சிறு மணல்தீவு ஆகிவிடும். இரட்டை எல் போட்டது ‘நான் பேசாமலிருக்கிறேன்’ என்றோ காலில் வரும் காய்ப்பு என்றோ பொருள்படும்.

இனி ‘சே’. மழை விழுகிறது, இரவு கவிகிறது, விலை சரிகிறது, பண்டிகை திங்களன்று வருகிறது: இவற்றுக்கெல்லாம் வெறும் ‘காஎர்’ போதும். இருந்த நிலை தவறி, பிடி நழுவி, எதிர்பாராமல் விழுவது ‘காஎர்சே’. நம் ‘விழுந்துவிட்டான்’ என்பதிலுள்ள ‘விட்டான்’ தரும் சாயல் இதற்கு மிக அருகில் வருகிறது. கணினி அமைப்பு முடங்கினாலும் ‘சே காயோ எல் சிஸ்தேமா’ என்பார்கள். கைதவறிக் கண்ணாடிக் குவளை விழுந்தால் ‘சே மே காயோ எல் வாசோ’. இந்த ‘மே’ ‘எனக்கு’ என நிற்கிறது. விழுந்தது குவளை என்பதால் வினை படர்க்கையிலேயே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இது; வேண்டுமென்று போடவில்லை என்பதை ஒரே அசையில் சொல்லிவிடுகிறது. ஆனால் ‘மே காஎ பியேன்’ என்பதில் விழுதலே இல்லை. ‘அவரை எனக்குப் பிடிக்கும்’ என்று பொருள்.

எழுதும்போது ‘சே’ மூலவினையோடும் ‘காயேந்தோ’ போன்ற வடிவத்தோடும் ஒட்டும். காலம் காட்டும் வினைக்கு முன் தனித்து நிற்கும். ‘சே காயோ’ இரண்டு சொற்கள். ‘காயேந்தோசே’ ஒரே சொல். ஒட்டியதால் ‘யே’ மேல் சாய்கோடு வேண்டும்.

பழைய ஸ்பானிய அகராதி வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை. 1994 வரை இரட்டை எல்லைத் தனி எழுத்தாகக் கொண்டு வரிசைப்படுத்தினார்கள். அந்த அகராதிகளில் ‘காயார்’ என்ற சொல்லை, சி-ஏ-எல் என்று தொடங்கும் மற்றச் சொற்கள் எல்லாம் முடிந்த பிறகு தேடுங்கள்.

‘வாயை மூடு’ என்னும் கட்டளை ‘காயாதே’. இரட்டை எல்லும் முதல் ‘கா’ மீது சாய்கோடும் தேவை. ஒய் போட்டு எழுதுவது பிழை. அர்ஜென்டினத் தலைநகர் புவேனோஸ் ஐரெஸ் போன்ற இடங்களில் அழுத்தம் நடு அசைக்கு நகர்ந்து ‘காஷாதே’ என்று ஒலிக்கும். அங்கே சாய்கோடு இல்லாமல் எழுதுவதுதான் சரி; அர்ஜென்டினப் பாடநூலில் பார்த்தால் அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள்.