பிழிந்த எலுமிச்சைத் தோலால் வீட்டில் ஏதாவது பயன் உண்டா, இல்லை எல்லாம் யூடியூப் கதையா?

நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால், வீட்டில் யாரோ தோலையெல்லாம் டப்பாவில் சேர்த்து ஃப்ரிட்ஜில் அடைத்திருக்கிறார்கள் போல. திட்டாதீர்கள். பாதி உண்மைதான்.

வேலை செய்வது அதன் புளிப்பு. சாற்றில் ஐந்தாறு சதவீதம் சிட்ரிக் அமிலம், தோலிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அமிலத்தில் கரைகிற அழுக்கு போகும், மற்றது போகாது. அடுப்பு மேடை எண்ணெய்ப் பிசுக்கில் தேய்த்தால் கைவலிதான் மிச்சம், அதற்குச் சோப்புதான். பித்தளை விளக்கை உப்புத் தொட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும். "அதற்குப் புளி போதுமே" என்று வருவீர்கள், தெரியும். போதும். புளி காசு, தோல் குப்பை, அவ்வளவுதான்.

எங்களுக்கு அது கைகொடுத்தது குழாயில். சென்னைப் புறநகரில் போர் தண்ணீர் வரும் வாடகை வீடு. குழாய், ஷவர் எல்லாம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். நாம் உப்பு என்போம், பெரும்பாலும் சுண்ணாம்பு. காலி செய்யும்போது வீட்டுக்காரர், "குழாயெல்லாம் போச்சு சார், புதுசா மாத்தணும், அட்வான்ஸ்ல கழிச்சுக்கிறேன்" என்றார். ஞாயிறு வரை டைம் கேட்டேன். தெருமுனை ஜூஸ் கடையில் ஒரு கவர் நிறையத் தோல் சும்மாவே கொடுத்தார்கள். குழாய் வாயில் தோலைக் கவிழ்த்து, பாலித்தீன் கவர் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு ஒரு மணி நேரம் விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தோம். பொருக்கு பொலபொலவென்று உதிர்ந்தது. ரொம்பத் தடிப்பாக இருந்த இடத்தில் மட்டும் இன்னொரு முறை. ஷவரைக் கழற்றிச் சாறு கலந்த வெந்நீரில் போட்டோம். வீட்டுக்காரர் வந்து ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடிப் பார்த்தார். பேச்சில்லை.

வினிகரிலும் இது நடக்கும், நான் மறுக்கவில்லை. மொசைக், மார்பிள் தரையில் மட்டும் எலுமிச்சையைக் கொண்டுபோகாதீர்கள், கல்லையே அரித்து மங்கலாக்கிவிடும். பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

குழாய்க்குக் கழிக்க முடியாதவர் சும்மா விடுவாரா? பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் குடிவந்தபோதே சுவர் உரிந்துதான் இருந்தது. பில் கேட்டால், "எல்லா இடத்திலயும் இதானே சார் வழக்கம்". பெயின்ட் அடிக்காமலேயே அடுத்த ஆளைக் குடிவைத்ததும் வழக்கம்தான் போலிருக்கிறது. வாடகைக்கு இருப்பவர்கள் குடிபோகும் அன்றே சுவரையெல்லாம் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

சரி, தோலுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் அதற்கு நல்ல கதி ஊறுகாய்தான். நறுக்கி, கல்லுப்புப் போட்டுப் பீங்கான் ஜாடியிலோ கண்ணாடி பாட்டிலிலோ வையுங்கள், அலுமினியம் வேண்டாம். தினம் குலுக்கிவிடுங்கள். கசப்பு அடங்கித் தோல் மெத்தென்று ஆனதும் மிளகாய்த்தூள், வெந்தயப்பொடி, பெருங்காயம், நல்லெண்ணெய். ஃப்ரிட்ஜில் வாடிப்போன தோலென்றால் குழாய்க்கே போகட்டும்.